சுரங்கத்தின் வெம்மையும் வேனின் குளிர்கருவியும்

கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்க வயல், பொன்னின் பெயரால் உலகறிந்த ஊராகும். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டு முதல் இங்குச் சுரங்க வேலையை நடத்தி வந்தனர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் அவர்கள் நிர்வாகத்தில் வளர்ந்தன. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் அவற்றை ஏற்றுக்கொண்டன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே உழைத்தன.

சுரங்கத்திலிருந்து வெளிவந்த பொன்னைப் பற்றிப் பேசுவோர் பலர். சுரங்கத்திற்குள் சென்ற காற்றைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் மனிதன் எவ்வளவு ஆழத்தில் உயிருடன் நின்று வேலை செய்யலாம் என்பதைப் பெரிதும் நிர்ணயித்தது அந்தக் காற்றேயாகும். அக்காற்றைக் குளிர்விக்கக் கையாளப்பட்ட விதிகளும், கிராமங்களுக்குச் செல்லும் மருத்துவ வேன், கண்காட்சி வேன், உறங்கும் வசதியுள்ள முகாம் வேன் ஆகியவற்றிலுள்ள குளிர்கருவியின் விதிகளும் ஒன்றே. பெரிய உதாரணத்தை நன்கு அறிந்துகொண்டவர் சிறிய கருவியின் கோளாற்றை எளிதில் கண்டறிவார். வெளியூர்ப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் அவ்வகையில் பயன்படும் செய்திகள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

ஆழமும் உஷ்ணமும்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் இயற்கையான உஷ்ணநிலை 60 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்டது. வெறுங்கையால் அப்பாறையை நெடுநேரம் தொட்டுக்கொண்டிருக்க இயலாது.

பாறை மட்டுமே இவ்வெம்மைக்குக் காரணம் என்று கருதுதல் தவறு. மேலிருந்து இறங்கும் காற்று தன் எடையினாலேயே அமுக்கப்படுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் பம்பின் அடிப்பகுதி சுடுவதை எவரும் அறிவர். அதைப் போலவே வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறுகிறது. மூன்று கிலோமீட்டர் இறங்கினால், பாறையின் வெப்பம் சிறிதும் சேராவிடினும், 30 டிகிரி அளவுக்கு உஷ்ணம் கூடிவிடும். இறங்கும் வழியின் சுவர்கள் ஈரமாக இருப்பின், இவ்வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. அப்போது உஷ்ணமானி குறைவாகக் காட்டும். ஆனால் காற்றின் ஈரம் மிகும். துளையிடும் யந்திரங்கள், மின்மோட்டார்கள், வெடிமருந்து, உழைக்கும் மனிதரின் உடல் ஆகிய யாவும் தத்தம் பங்கிற்கு வெப்பத்தைச் சேர்க்கின்றன.

இவ்வளவையும் தாங்கி வேலை நடைபெறக் காற்றோட்டம் மட்டும் போதவில்லை. பிரேசில் நாட்டின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கத்தில் 1920-ஆம் ஆண்டளவில் காற்றைக் குளிர்விக்கும் நிலையம் அமைந்தது. 1930களில் தென்னாப்பிரிக்காவின் ராபின்ஸன் டீப் சுரங்கமும் கோலார் தங்க வயலும் அம்முறையை மேற்கொண்டன. இதற்கு வேண்டிய மின்சாரம் கோலாருக்கு முன்னரே வந்திருந்தது. காவேரி நதியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி வழியே 1902-இல் இச்சுரங்கங்களை அடைந்தது. அதே 1902-இல்தான் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர் ஓர் அச்சகத்தின் காற்றில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தை வகுத்தார். இன்றைய ஏர்கண்டிஷன் முறைக்கு அது முன்னோடியாயிற்று.

ஈரத்துணியின் சான்று

வெம்மையை அளக்கும்பொழுது சாதாரண உஷ்ணமானியை மட்டும் நம்பலாகாது. மனித உடல் தன் வெப்பத்தைப் பெரும்பாலும் வியர்வையின் மூலம் வெளியேற்றுகிறது. கடுமையாக உழைக்கும் ஒருவர் உடலில் 500 வாட் அளவு வெப்பம் தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 1,800 கிலோஜூல் ஆகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,430 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எனவே, மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை ஆவியானால் உடலின் உஷ்ணம் நிலையாக இருக்கும். சுற்றியுள்ள காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமேயன்றி ஆவியாகாது. சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. தலைவலி, மயக்கம், குழப்பம் என்று படிப்படியாக ஏறி, இறுதியில் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இதனை அறிய உதவுவது ஈரக்குமிழ் உஷ்ணமானி. உஷ்ணமானியின் குமிழை ஈரமான மெல்லிய துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால், ஆவியாதலால் குளிர்ந்து அது காட்டும் அளவே ஈரக்குமிழ் உஷ்ணநிலை எனப்படும். கோடையில் வறண்ட ஒரு பகற்பொழுதில் சாதாரண உஷ்ணமானி 35 டிகிரியும் ஈரக்குமிழ் 22 டிகிரியும் காட்டக்கூடும். இரண்டிற்கும் இடையே உள்ள வித்தியாசமே வியர்வைக்குக் கிடைக்கும் வாய்ப்பாகும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் அபாயம் நெருங்குகிறது என்று அறிக.

1961-ஆம் ஆண்டு இந்திய உலோகச் சுரங்க விதிகளும் இவ்வளவையே அடிப்படையாகக் கொண்டன. வேலை செய்யும் இடத்தில் ஈரக்குமிழ் உஷ்ணநிலை 33.5 டிகிரிக்கு மேற்படலாகாது, 30.5 டிகிரியைத் தாண்டினால் அங்கே காற்று விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத வேகத்தில் வீச வேண்டும் என்று அவை வகுத்தன. குளிர்ச்சியோடு காற்றின் ஓட்டத்தையும் விதி சேர்த்துக் கூறியதைக் கவனிக்க வேண்டும்.

குளிர்கருவி செய்வது யாது?

குளிர் என்பது ஒரு பொருள் அன்று. அதை உற்பத்தி செய்ய எந்த யந்திரத்தாலும் ஆகாது. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடுவதே குளிர்கருவியின் பணி. குறைந்த உஷ்ணத்தில் கொதிக்கும் ஒரு வாயு இதற்குத் தூதுவனாகப் பயன்படுகிறது. மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் குளிர்ச்சுருளில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகி, அவ்வழியே வீசும் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. கம்ப்ரஸர் அவ்வாவியை அமுக்கிச் சூடாக்குகிறது. கண்டென்ஸர் என்னும் மற்றொரு சுருளில் அது வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்து மீண்டும் திரவமாகிறது. சிறு துவாரமுள்ள வால்வின் வழியே சென்று திரும்பவும் குளிர்ச்சுருளை அடைகிறது.

குளிர்ச்சுருளில் எடுத்த வெப்பமும், கம்ப்ரஸரை ஓட்டச் செலவான சக்தியும் சேர்ந்து கண்டென்ஸர் வழியே வெளியேறியாக வேண்டும். அவ்வழி அடைபட்டால், யந்திரம் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை. ஆழ்சுரங்கத்தினுள் வைக்கப்படும் குளிர்நிலையத்திற்கு இது பெரிய சோதனையாகும். அது வெளியேற்றும் வெப்பத்தை மேலே திரும்பும் காற்றில் விட வேண்டும். அந்தச் சூடான காற்று கசிந்து மீண்டும் உட்செல்லும் காற்றோடு கலந்தால், நிலையம் தான் வெளியேற்றிய வெப்பத்தையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும் வீண் வேலையில் ஈடுபடும்.

கோளாறு காணும் வரிசை

சுரங்கத்தின் ஒரு முனையில் வேலையாட்களுக்கு வெம்மை தாங்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், காற்றோட்டப் பொறியாளர் உடனே குளிர்யந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. காற்று செல்லும் வழியிலேயே தாமும் செல்கிறார். ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழியின் மேல்வாயில், அதன் அடியில், கிளைப் பாதையின் தொடக்கத்தில், இறுதியாக வேலை நடைபெறும் முனையில் என ஒவ்வோரிடத்திலும் காற்றின் அளவையும் இருவகை உஷ்ணநிலைகளையும் குறித்துக்கொள்கிறார். எந்த இரு இடங்களுக்கிடையே அளவு திடீரென மாறுகிறதோ, குற்றம் அங்கே இருக்கிறது. திறந்தே விடப்பட்ட காற்றுக் கதவு, கிழிந்த துணிக்குழாய், அடைபட்ட பாதை ஆகியவையே பல வேளைகளில் காரணமாக இருக்கும்.

இதிலிருந்து நான்கு வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். வெப்பம் எங்கிருந்து, எவ்வளவு வருகிறது? காற்று வேண்டிய இடத்திற்கு வேண்டிய அளவு செல்கிறதா? எடுக்கப்பட்ட வெப்பம் வெளியேற வழி உண்டா? இம்மூன்றும் சரியாக இருப்பின், யந்திரத்தில் என்ன குறை? பழைய வேனிலும் இதே வரிசையில் வினவுதல் நலம். பணமும் நேரமும் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், நான்காவது வினாவை முதலாவதாகக் கேட்பதேயாகும். கேஸ் நிரப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அத்தகையது.

முதல் வினா: வெப்பம் வரும் வழி

வேனின் கூரை எட்டு சதுர மீட்டர் பரப்புடையதெனில், நண்பகல் வெயிலில் அதன்மீது விழும் சக்தி ஆறு முதல் எட்டுக் கிலோவாட் வரை இருக்கும். இதில் எவ்வளவு உள்ளே வரும் என்பதைக் கூரையின் நிறமும், உள்ளே பதித்த தடுப்புப் பொருளும் நிர்ணயிக்கின்றன. பழைய வண்டிகளில் வெள்ளைப் பூச்சு மங்கியிருக்கும். உட்பஞ்சு நைந்து இறங்கியிருக்கும். கதவு ரப்பர் வெடித்துப் போயிருக்கும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வந்தால் அவ்விடத்தில் சூடான வெளிக்காற்றும் புழுதியும் நுழைகின்றன என்று பொருள். எஞ்சின் மூடியின் அடியிலுள்ள விரிப்பு கிழிந்திருந்தால் அவ்வழியாகவும் வெப்பம் ஏறும்.

பழைய வேன்களில் மறைந்து நிற்கும் மற்றொரு காரணமும் உண்டு. குளிர்காலத்திற்கென்று அமைந்த ஹீட்டர், எஞ்சினின் சுடுநீரை ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடவிட்டுக் காற்றைச் சூடாக்குவது. அதன் வால்வு துருப்பிடித்து முழுவதும் மூடாதிருந்தாலும், காற்றைப் பிரித்துவிடும் உட்கதவு பழுதாகி நடுவில் நின்றுவிட்டாலும், குளிர்ந்த காற்றோடு சூடான காற்றும் கலந்து வரும். எஞ்சின் சூடான பின்னரே குளிர்ச்சி குறைகிறது என்றால் இதனை ஐயுற வேண்டும். வால்வை மூடிய நிலையில், ஹீட்டருக்குச் செல்லும் இரு ரப்பர்க் குழாய்களையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். இரண்டும் சூடாக இருந்தால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாத அமைப்பாயின் இரண்டும் எப்போதும் சூடாகவே இருக்கும். அங்கே உட்கதவை ஆராய வேண்டும்.

இரண்டாம் வினா: காற்றின் ஓட்டம்

காற்று வாய்களில் வீச்சுக் குறைவாக இருப்பின் முதலில் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். செம்மண் சாலைகளில் ஓடும் வண்டியில் அது விரைவில் அடைபடும். விசிறி ஒரே வேகத்தில் மட்டும் சுழன்றால் அதன் வேகத்தை மாற்றும் ரெஸிஸ்டர் எரிந்திருக்கலாம். சிறிதும் சுழலாவிடில் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் காண வேண்டும். பின் இருக்கைகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் கூரைக்குள்ளே கழன்றிருந்தால், குளிர்ந்த காற்று யாருக்கும் பயனின்றிக் கூரையிடுக்கில் போய்விடும். சுரங்கத்தின் கிழிந்த துணிக்குழாய்க்கு இது ஒப்பாகும்.

தொடக்கத்தில் நன்கு குளிர்ந்து, அரை மணி நேரத்தில் வீச்சுக் குறைந்து, சிறிது நேரம் நிறுத்தி வைத்தபின் மீண்டும் நன்றாக வீசினால், குளிர்ச்சுருளில் பனிக்கட்டி படர்கிறது என்று அறியலாம். அழுக்கடைந்த வடிகட்டி, குறைந்த கேஸ், உஷ்ணத்தை உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய உணர்கருவியின் பழுது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

வண்டியின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் குளிர்ச்சுருளில் படிந்து வெளியேறுகிறது. கருவி வேலை செய்வதற்கு அது நல்ல சான்று. மழைநாளில் கருவியின் ஆற்றலில் பெரும்பங்கு இவ்வீரத்தை நீராக்குவதில் செலவாவதால், வீசும் காற்று அவ்வளவு குளிர்ச்சியாக இராது. இது கோளாறு அன்று. அந்நீர் வண்டிக்குள்ளே வழிந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியால் அதைச் சுத்தம் செய்யலாம்.

மூன்றாம் வினா: வெப்பம் வெளியேறும் வழி

வண்டி ஓடும்போது குளிர்ச்சி இருக்கிறது. சந்தையிலோ பள்ளிக்கூட வாயிலிலோ எஞ்சினை நிறுத்தாமல் நின்றால் குளிர்ச்சி போய்விடுகிறது. இக்குறிப்பு ஒன்றே பாதிக் கோளாற்றைச் சொல்லிவிடும். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அதன் விசிறியே அவ்வேலையைச் செய்ய வேண்டும். விசிறி சுழலவில்லை, அல்லது மெதுவாகச் சுழல்கிறது என்பது தெளிவு.

கண்டென்ஸரின் தகடுகளிடையே பூச்சிகளும் புழுதியும் வைக்கோல் துகளும் அடைந்திருந்தால், எஞ்சின் ஆறியபின் மெதுவாகப் பாயும் நீரால் கழுவ வேண்டும். வேகமாக நீரைப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்து வழியை இன்னும் அடைத்துவிடும். கூரைமேல் கண்டென்ஸர் அமைந்த வண்டிகளில் அதனருகே படுதாவோ மூட்டையோ கட்டலாகாது. வெளியேறிய சூடான காற்று மீண்டும் அதனுள்ளேயே இழுக்கப்படும்.

நான்காம் வினா: யந்திரம்

மேற்கூறிய யாவும் சரியாக இருந்து, வீச்சும் குறையாமல், குளிர்ச்சி மட்டும் இல்லையெனில் கம்ப்ரஸரைக் கவனிக்கலாம். குளிர்கருவியின் சுவிட்சைப் போட்டவுடன் அதன் முன்பக்கத்துக் கிளட்ச் ஒட்டிக்கொண்டு சுழல வேண்டும். பெல்ட் மட்டும் சுழன்று கிளட்ச் ஒட்டாவிடில், ஃபியூஸ், ரிலே, கம்பி இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் கீச்சென்ற ஒலி எழும். கேஸ் மிகவும் குறைந்திருந்தால், கம்ப்ரஸரைக் காக்கும் அழுத்த சுவிட்சு மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

கேஸ் எரிபொருளைப் போல் செலவாகித் தீர்வதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கேஸுடன் எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் காணப்படும். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

மிகப் பழைய வண்டியாயின் அதில் எந்த வாயு இருந்தது என்பதையும் அறிய வேண்டும். முற்காலத்தில் ஆர்-12 என்னும் வாயு வழக்கிலிருந்தது. வானத்தின் உயரத்திலுள்ள ஓஸோன் படலத்தை அது சிதைப்பதால், 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டது. இந்தியாவில் 2010-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அவ்வகை வாயுக்கள் விலக்கப்பட்டன. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓஸோனைச் சிதைப்பதில்லை. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியின் வெம்மையைக் கூட்ட வல்லது. இவ்விரு வாயுக்களையும் கலத்தலாகாது. அவற்றுக்குரிய எண்ணெய்களும் வெவ்வேறு. வாயுவை மாற்றும்போது பழைய எண்ணெயை நீக்குவது, ரப்பர் வளையங்களையும் உலர்த்தும் வடிகட்டியையும் புதுப்பிப்பது ஆகியவற்றைத் தேர்ச்சி பெற்ற மெக்கானிக்கே செய்ய வேண்டும். மலிவு கருதிச் சமையல் கேஸை நிரப்புவோரும் உண்டு. தீப்பற்றும் பொருளை மக்கள் அமரும் பெட்டியின் குழாய்களில் செலுத்தும் இச்செயல் பேராபத்தாகும்.

வெப்பம் வேண்டும்பொழுது

கோலார் பீடபூமியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர் நன்கு உறைக்கும். வேனில் இரவு தங்குவோருக்கும் மலைப்பகுதிகளுக்குச் செல்வோருக்கும் ஹீட்டர் வேண்டியதாகும். அது சூடேறாவிடில், எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரில் கூலண்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். எஞ்சின் உஷ்ணமானியின் முள் நெடுந்தூரம் ஓடியும் ஏறாவிடில், தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிவிட்டது. முள் சரியாக ஏறி, ஹீட்டர்க் குழாய்களில் ஒன்று சூடாகவும் மற்றொன்று ஆறியும் இருந்தால், ஹீட்டரின் உள்வழி அடைபட்டோ காற்றுப்பூட்டு ஏற்பட்டோ இருக்கலாம். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்து, தித்திப்பான மணம் வீசினால், கூலண்ட் உள்ளே கசிகிறது. அதை உடனே கவனிக்க வேண்டும்.

மூடிய வண்டிக்குள் குளிர் காய்வதற்காகக் கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ எரித்தல் கூடவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டபடி உறங்குவதும் அத்தகையதே. பழைய வண்டிகளில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, தரையிடுக்கின் வழியே புகை உள்ளே வரக்கூடும். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் தோன்றியவுடன் அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். உறங்குவோருக்கு அவ்வெச்சரிக்கையும் கிட்டுவதில்லை.

நிறுத்தி வைத்த வண்டி

எஞ்சின் நின்றபின் குளிர்கருவியை இயக்க விரும்புவோர் ஒரு கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு கிலோவாட் மின்சாரம் இழுக்கும் கருவிக்கு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 83 ஆம்பியர் வேண்டும். இன்வர்ட்டரில் நேரும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் மிகும். நூறு ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று ஒரு மணி நேரமும் தாங்காது. வெளி மின்சாரத்தை மெல்லிய நீண்ட ஒயரில் கொண்டுவந்தால் வோல்ட் குறைந்து, கம்ப்ரஸர் கிளம்பாமல் முனகும்; ஒயரும் சூடேறும். ஜெனரேட்டரை வைத்தால் அதன் புகை வண்டிக்குள் வராத தூரத்திலும் திசையிலும் வைக்க வேண்டும்.

வெயிலில் நிற்கும் மூடிய வண்டியின் உட்புறம், ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி வரை மிகுதியாகச் சூடேறக்கூடும். அவ்வேற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஐந்தே நிமிடம் என்று எண்ணிக் குழந்தையையோ நோயாளியையோ தனியே விட்டுச் செல்லுதல் ஒருபோதும் தகாது. தடுப்பூசி மருந்துகளையும் அவ்வாறு விட்டுவைக்கலாகாது. வண்டியை மீண்டும் எடுக்கும்போது, எதிரெதிர்க் கதவுகளைச் சில நிமிடங்கள் திறந்து வைத்துச் சூடான காற்றை வெளியேற்றிய பின்னரே குளிர்கருவியைப் போட வேண்டும்.

வகுப்பறைக்கும் பதிவேட்டுக்கும்

ஆசிரியர் இரண்டு சாதாரண உஷ்ணமானிகளைக் கொண்டு இவ்விஞ்ஞானத்தை மாணவருக்கு விளக்கலாம். ஒன்றின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, இரண்டையும் விசிறியின் முன் ஐந்து நிமிடம் வைத்து அளவுகளைக் கரும்பலகையில் எழுதுக. பின்னர்க் குளித்து முடித்த அறையிலும், மரநிழலிலும், வெயிலில் நின்ற வண்டியினுள்ளும் இதைச் செய்து ஒப்பிடுக. எங்கே வியர்வை காயும், எங்கே காயாது என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர். சுரங்கத் தொழிலாளியின் உயிர் எந்த அளவைப் பொறுத்திருந்தது என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

வெளியூர்ப் பணியாளர் வண்டியின் பதிவேட்டில் மாதம் ஒருமுறை நான்கு எண்களைக் குறித்து வைப்பாராக: வெளிக்காற்றின் உஷ்ணநிலை, அதன் ஈரக்குமிழ் அளவு, குளிர்கருவிக்குள் புகும் காற்றின் உஷ்ணநிலை, வாயிலிருந்து வீசும் காற்றின் உஷ்ணநிலை. கருவியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, எஞ்சினை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, இவற்றை எடுக்க வேண்டும். வறண்ட நாளில் கடைசி இரண்டிற்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொதுவாகக் குறையில்லை. மாதந்தோறும் அது சுருங்கி வந்தால், கருவி நின்றுபோவதற்கு முன்னரே கோளாறு தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் செல்லும்போது, கூலிங் இல்லை என்று மட்டும் சொல்வதைவிட இப்பதிவைக் காட்டுவது அவருக்கும் உதவியாகும்.

கோலார் சுரங்கங்களில் இன்று காற்றுவிசிறிகள் சுழலவில்லை. நீரிறைக்கும் பம்புகளும் நின்றுவிட்டன. ஆழ்மட்டங்களில் நீர் நிறைந்துவிட்டது. ஆயினும் பாறையின் வெம்மையோடு அங்கே நடந்த நீண்ட போராட்டம் தெளிவுபடுத்திய உண்மை பயனற்றுப் போகவில்லை. வெப்பத்தை அழிக்க இயலாது. அதற்கு வழிவிடத்தான் இயலும். அவ்வழியைத் தொடக்கம் முதல் இறுதி வரை பொறுமையுடன் பின்பற்றிச் சென்று, ஒவ்வோரிடத்திலும் அளந்து பார்ப்பவர், மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கமாயினும் மூன்று மீட்டர் நீளப் பெட்டியாயினும், கோளாறு எங்குள்ளது என்பதைக் கண்டுகொள்வார்.